என் தம்பி வெட்டியெடுத்த பதினோரு காட்சிகள்

1987 மார்ச் 14, சனி

காலையில் வான்கோழிகளுக்குத் தீனி வைத்த கையோடு தம்பி டெல்மரின் படப்பிடிப்பு. எங்கள் பழைய கோழிக் கொட்டகைதான் விண்கலம். உள்ளே சுவர் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறான். வேற்றுக்கிரகத்தார் ஐந்து பேர். ஊதாச் சாயம் அடித்த நீச்சல் தொப்பியும் சமையல் கையுறையும் போட்டிருக்கிறார்கள். வியர்த்தால் சாயம் கண்ணுக்குள் வழிகிறது.

படத்தின் பெயர் ‘வரவேற்புக் குழு’. பூமியைப் பிடிக்க வருகிறவர்கள் வழி தவறி யூட்டாவில், எங்களைப் போன்ற மார்மன் சபைக் கிறிஸ்தவர்கள் வாழும் ஊரில் இறங்கிவிடுகிறார்கள். சபையின் மகளிர் சங்கத் தலைவி ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வேகவைத்து எடுத்துக்கொண்டு போய் வரவேற்கிறாள். மறுநாளே ஆளுக்கொரு பொறுப்பு கொடுக்கிறாள். தளபதிக்குக் கைக்குழந்தைகள் வகுப்பு. யாருக்கும் அவளிடம் முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. கூட்டம், குழு, கூட்டம் என்று அலைந்தே ஓய்ந்துபோகிறார்கள்.

அந்தத் தலைவி நான். நிஜத்திலும் ஆறு வருடம் தலைவியாக இருந்தவள்தான். வசனத்தில் பாதி எங்கள் அம்மா பேசியது, மீதி நான் பேசியது. டெல்மர் சபையை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. ஆனாலும் ஒரு வார்த்தை மறக்கவில்லை.

வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

ஏப்ரல் 4

தளபதி என் முன்னால் அழவேண்டிய காட்சி. நடித்தவர் லோரன், பால் வண்டி ஓட்டுகிறவர். நிஜமாகவே அழுதுவிட்டார். கேமராவுக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

மே 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப் யார்கன்சன் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆகஸ்டில் என் மகள் ஜெனீலுக்கு ஆலயத்தில் கல்யாணம். உள்ளே போக ஒவ்வொருவருக்கும் பிஷப் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். என் சீட்டு இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்காகத்தான் என்று நினைத்துப் போனேன்.

மேஜைமேல் டெல்மரின் கதைப்பிரதி இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க யாரைப் பார்த்துச் சிரிக்கிறீங்கன்னு யோசிச்சீங்களா, சகோதரி?”

“என்னைப் பார்த்துத்தான்.”

கதைப்பிரதியை மூடினார். அப்புறம், அந்தப் படத்தில் நான் இருக்கும்வரை தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். இல்லாமல் போனால் அன்றைக்கே போடுவாராம். கதவுவரை வந்து கைகுலுக்கி அனுப்பினார். என் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர் அவர்.

மே 11

விஷயத்தைக் கணவர் எல்டனிடம் சொன்னேன். வான்கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார். முப்பது வருடமாக அவர் கோபம் அப்படித்தான்.

மே 13

ஜெனீலிடம் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“மாமா படத்தப் பத்தியெல்லாம் எனக்கு எதுவும் வேணாம்மா. உள்ள வந்து என் பக்கத்துல உக்காருவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

உட்காருவேன் என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. இல்லை— யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மே 16, சனி

டெல்மர் வீட்டுக்குப் போனேன். சமையலறை முழுக்கப் படச்சுருள் தோரணமாகத் தொங்கியது. நான் சொல்லச் சொல்ல ஒரு சுருளைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான்.

வேறு யாரையாவது வைத்து மறுபடி எடுக்கலாமே என்றேன். கொட்டகையைப் பிரித்தாயிற்று, அந்த ஐந்து பேரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்றான்.

“நீ வர்றது மொத்தம் பதினோரு சீன். அது இல்லாம இது படமே இல்லக்கா.”

“தெரியும்.”

“தப்பு பண்ணிட்டோம்னு உனக்குத் தோணுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“ஜெனீல்.”

தலையாட்டினான். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டிருக்கலாமே? ஏன் போடல? ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நானும் திட்டிட்டு, அழுதுட்டு, மனசு மாறியிருப்பேனோ என்னவோ. இப்போ இதை எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜூலை 18

டெல்மர் வந்தான். வாசலிலேயே நின்று ஒரு தகர டப்பாவை நீட்டினான்.

“நீ வர்ற துண்டெல்லாம், அதோட நெகட்டிவும் இதுக்குள்ளதான். நகல் கிடையாது. என்ன வேணா பண்ணிக்கோ.”

படம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நான் உட்கார்ந்த நாற்காலியை மட்டும் காலியாகப் படம்பிடித்து இடையிடையே சேர்த்திருக்கிறானாம். ஐந்து பேரும் காலி நாற்காலியைப் பார்த்து நடுங்குவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

ஜூலை 20

நான் படத்தில் இல்லை என்று சொன்னேன், சீட்டு வந்துவிட்டது. பிஷப் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். டப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஜூலை 22

செத்த வான்கோழிகளை எரிக்கும் பீப்பாயில் டப்பாவைப் போட்டுக் கொளுத்தினேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிஷப் கேட்கவில்லை, எல்டன் கேட்கவில்லை. பரணில் போட்டு வைத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அது வீட்டில் இருந்தால் ஒருநாள் எடுத்துப் பார்ப்பேன், அதுதான் பயம். சுருள் பிடித்ததும் சீறிக்கொண்டு எரிந்தது. கண் எரிச்சல் மதியம்வரை போகவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

ஜெனீலுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை ப்ரைஸ் மண்டியிட்டான். சுவர்களில் எதிரெதிராக மாட்டிய கண்ணாடிகளில் இருவரும் முடிவில்லாமல் தெரிந்தார்கள். ஜெனீல் திரும்பி என்னைப் பார்த்தாள். பொய் எழுதமாட்டேன். மனசு நிறைந்து உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தால் புல்வெளி ஓரத்தில் டெல்மர். உள்ளே வர அவனுக்கு அனுமதியில்லை. கறுப்புக் கோட்டோடு இரண்டு மணிநேரம் வெயிலில் நின்றிருக்கிறான். ஜெனீலைக் கட்டிக்கொண்டான். ப்ரைஸை ஏதோ கிண்டல் செய்து சிரிக்க வைத்தான். போட்டோவுக்குக் கூப்பிட்டபோது எனக்கும் அவனுக்கும் நடுவில் நான்கு பேர்.

1988 நவம்பர் 6

டெல்மரின் படம் சால்ட் லேக் நகரில் இரண்டே நாள் ஓடியதாம். பத்திரிகையில் நான்கு வரி— ‘நடுவில் ஒரு ஓட்டை விழுந்த படம்’. டெல்மர் வீட்டைக் காலிசெய்துவிட்டு நெவாடாவுக்குப் போய்விட்டான். சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறானாம். லோரன் சொல்லித்தான் தெரியும்.

1989 டிசம்பர் 24

அவனுக்கு மூன்றாவது கிறிஸ்துமஸ் கடிதம். பதில் வராது. தெரிந்தும் எழுதினேன்.

1996 அக்டோபர் 7

போனில் ஜெனீல், “மாமா படம்னா இப்ப காலேஜ் பிள்ளைங்களுக்கு ஒரே கிறுக்காம்மா” என்றாள். சால்ட் லேக்கில் சனிக்கிழமைதோறும் மதியக் காட்சியாம். இந்த வாரம் டெல்மரே வருகிறானாம். என்னைப் போகச் சொல்லவில்லை, போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, சனி

போனேன். கடைசி வரிசை.

அரங்கம் நிறைந்திருந்தது. தலைகளெல்லாம் ஊதாத் தொப்பி. காலி நாற்காலி திரையில் வந்ததுமே கத்த ஆரம்பித்தார்கள். அதில் இல்லாத தலைவிக்குத் தங்கள் தங்கள் அம்மா பேச்சைக் கொடுத்தார்கள். “தலையச் சீவிட்டு வா.” “உங்கப்பாகிட்ட சொல்லவா?” “எனக்கு ஒண்ணும் வேணாம், நீ நல்லா இருந்தா போதும்.” முந்நூறு பேர் சிரிப்பு. தளபதி அழும்போது மட்டும் அமைதியாகிவிட்டார்கள்.

முடிந்ததும் டெல்மர் மேடையேறினான். முடியெல்லாம் நரைத்துவிட்டது. முதல் கேள்வியே, அந்த நாற்காலியில் யார் இருந்திருக்கவேண்டும் என்பதுதான்.

“யாரும் இல்ல. நடிக்க ஆள் கிடைக்கல” என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவன் கடைசி வரிசைப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. விளக்கு அவன் கண்ணில் அடித்தது, நான் அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனக்காகச் சொன்னானா, என்னை ஒதுக்கிச் சொன்னானா? பக்கத்திலிருந்த பெண், “முதல் தடவையா பாக்குறீங்க?” என்றாள். ஆமாம் என்றேன்.

அவனிடம் போகவில்லை. காரில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

எல்டன் தனியாகச் சபைக்குப் போனார். தலைவலி என்று சொல்லியிருந்தேன்.

பதினோரு காட்சியிலும் நான் பேசியதை எழுதி டெல்மருக்கு அனுப்பலாம் என்று காகிதத்தோடு உட்கார்ந்தேன். இப்போது மணி ஒன்று. நான்கு காட்சிக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது.