இத்தா இருந்த வீட்டின் கூரை

ராத்தா,

இன்று காலை கடலேரிப் பக்கத்து வரிசை வீடுகளில் வேலை. ஈரச் சீமெந்து வாசத்துக்குள் யாரோ மீன் பொரித்தார்கள். உடனே உங்கள் வீடு ஞாபகம் வந்தது. இரண்டு வாசமும் ஒன்றாய் வரும் வேலைத்தளத்தை முதலில் உங்களிடம்தான் கண்டேன். அன்று எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நகர சபையின் திட்டம் நல்ல திட்டம். பழைய வாடகை வீடுகளை இடிக்காமல் திருத்தி, இருக்கிறவர்களுக்கே பழைய வாடகைக்குத் திருப்பிக் கொடுப்பது. அதற்கு எல்லாரும் கொஞ்சக் காலம் வெளியேற வேண்டும். தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்த புதிதில் அதைச் சொல்ல வந்தேன். உங்கள் கணவர் மௌத்தாகி, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காத இத்தாவில் நீங்கள் இருந்தீர்கள். வாசலில் திரை. உள்ளேயிருந்து குரல் மட்டும்.

"இத்தா முடியாம நான் படி எறங்க மாட்டன் தம்பி."

"மரமெல்லாம் உளுத்துப் போச்சு. கூரை விழுந்தா?"

"அதுக்குத்தானே நீங்க இரிக்கிறீங்க."

எரிச்சலோடு போய்ப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டேன். ஆபத்தென்றால் வேறு வீட்டில் இத்தா இருக்கலாம் என்றார். வென்றுவிட்ட மாதிரி வந்து சொன்னேன். திரைக்குப் பின்னால் சிரித்தீர்கள்.

"இந்த வீடு திரும்பக் கெடைக்குமெண்டு ஹஸ்ரத் பொறுப்பு நிப்பாரா?"

சபை நிற்கும் என்றேன். சிரிப்பு நின்றது.

"மன்னார்லரிந்து எங்கள வெரட்டக்குள்ளயும் கொஞ்ச நாள்ல திரும்பலாமெண்டுதான் வாப்பா சொன்னாங்க. நான் அப்ப சின்னப் புள்ள."

மறுநாள் உங்களை வெளியேற்றாமலே வேலையைத் தொடங்கினேன். முட்டுக் கொடுத்துப் பாதிக் கூரையை மாற்றினேன். மற்றப் பாதியில் திரையோடும் அடுப்போடும் நீங்கள். "கறிக்குச் சீமெந்து கொஞ்சம் கூடிப் போச்சு!" என்று உள்ளேயிருந்து கத்துவீர்கள். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டார், "ராத்தாட வீட்டுல ஏலுமெண்டா எங்கட வீட்டுல ஏன் ஏலா?" என்று கட்டிய மூட்டைகளை அவிழ்த்தார்கள். வேலை இழுபட்டது. மேலிடத்தில் நன்றாக ஏச்சு வாங்கினேன். நடுவில், அந்த நிலத்தைக் கடைத்தொகுதிக்குக் கேட்டுச் சிலர் வந்தார்கள். எல்லா வீட்டிலும் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்; வீடுகள் வெறுமையாய் இருந்திருந்தால் நிலம் போயிருக்கும்.

இத்தா முடிந்து நீங்கள் வெளியே வந்தபோதுதான் முகம் பார்த்தேன். "இவ்வளவு சின்னப் பொடியனா? சத்தத்துக்கு நாப்பது வயசெண்டு நெனச்சன்" என்றீர்கள்.

போன நோன்பில் அந்தக் கூரையின் கீழேதான் மௌத்தானீர்கள். நீங்களாக வெளியேறவில்லை. நாங்கள்தான் சந்தூக்கில் தூக்கிப் போனோம். இப்போது உங்கள் மகள் அங்கே இருக்கிறாள், அதே வாடகைக்கு.

இன்று மீன் பொரித்த பெண் கரண்டியோடு வாசலுக்கு வந்து, "நாங்க எப்ப வெளிய போகணும்?" என்று கேட்டாள்.

"போக வேணாம். அடுப்ப மட்டும் முன்னறைக்குக் கொண்டு வாங்க" என்றேன்.