மச்சாள் சாப்பிட்டதாக நான் எழுதிய மீன்

என் அன்பு மச்சாள்,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்கடை மகள் இப்போது நல்லாய் நடக்கிறாள், கதைக்கிறாள், "மாமி, மாமி" என்று என்னையே சுற்றி வருகிறாள். இதை முதலில் சொன்னால் மிச்சத்தைப் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத்தான் பொறுமை இல்லை. மூன்று நாளாக ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

அண்ணை உங்களைக் கட்டிப் புத்தூருக்குக் கூட்டிவந்த அடுத்த வருஷம் எனக்கு அந்த ஆராய்ச்சி வேலை கிடைத்தது, ஞாபகமா? பிள்ளைத்தாச்சிப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்களின் இரத்தம் எப்படி இருக்கிறது என்று வீடுவீடாகப் போய் எழுதுகிற வேலை. விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்போம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் படிவம் நிரப்புவோம். அப்போது நீங்கள் ஆறு மாதம். எங்கள் வீடும் பட்டியலில் இருந்தது.

நீங்கள் சமைத்துக்கொண்டு நிற்க, குசினி வாசலில் வைத்துக் கேட்டேன். "நேற்று மத்தியானம் என்ன மச்சாள் சாப்பிட்டனீங்கள்?"

நீங்கள் வாய் திறக்க முதல் அம்மா முந்திக்கொண்டா. "சோறு, விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. எழுது பிள்ளை. எங்கடை வீட்டிலை சாப்பாட்டுக்கு என்ன குறை?"

நான் உங்களைப் பார்த்தேன். "ஓம்" என்றீர்கள்.

குறை இல்லைத்தான். மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன காலம். ஆனால் முந்தின நாள் மத்தியானம் நானும் வீட்டில்தான் நின்றேன். அப்பாவும் அண்ணையும் தோட்டத்தால் வந்து சாப்பிட்டார்கள். பிறகு நான், என் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு துண்டு மீன். பிறகு அம்மா. கடைசியில் நீங்கள், சட்டியில் ஒட்டியிருந்த குழம்பில் சோற்றைப் பிரட்டி, நின்றபடியே சாப்பிட்டீர்கள். மீன் முடிந்துவிட்டது. கீரையும் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் "மீன்: ஓம், கீரை: ஓம்" என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? அம்மாவுக்குப் பயந்தா? எங்கள் வீட்டுக் கதை வெளியே போகக்கூடாதென்றா? அல்லது என் இரண்டு துண்டில் ஒன்று உங்களுடையது என்று ஒத்துக்கொள்ளத் துணிவில்லாமலா?

உங்கள் இரத்தம் மட்டும் பொய் சொல்லவில்லை. இரும்புச் சத்து மிகக் குறைவு என்று வந்தது. இரும்புக் குளிசை தந்தார்கள். விழுங்கினால் ஓங்காளிக்குது என்று விட்டுவிட்டீர்கள். நானும் வற்புறுத்தவில்லை. பிள்ளை பிறந்தது, இரத்தம் நிற்கவில்லை. "இன்னொரு பொம்பிளை எண்டால் தாங்கியிருப்பாள். இந்த உடம்பிலை தாங்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை" என்று தாதி சொன்னதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

மூன்று நாளைக்கு முன், ஆராய்ச்சியை நடத்துகிற டொக்டர் வீடுவீடாகப் போய் எழுதிய எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். மேசை நிறையப் படிவங்கள். "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, ஆனா இரத்தம் இல்லை. அப்ப வயித்துப் பூச்சிதான் காரணம். அப்பிடித்தான் எழுதப்போறன்" என்றார்.

நான் எழும்பி நின்றேன். "சேர், அதிலை ஒரு படிவம் பொய்."

"ஆற்றை?"

"என்ரை மச்சாளின்ரை. எழுதினது நான்தான்."

பிறகு என்னோடு வேலை செய்கிற பிள்ளை குனிந்தபடி சொன்னாள்: "நானும் அவையளை மாமியார்மாருக்கு முன்னாலை வைச்சுத்தான் கேட்டனான், சேர்."

டொக்டர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்து ஓரமாக வைத்தார். "பூச்சியும் இருக்கலாம். ஆனா உந்தப் படிவங்களை நம்பி நான் ஒண்டும் எழுத ஏலாது. இப்ப பிள்ளைத்தாச்சியா இருக்கிறவையின்ரை வீடுகளுக்குத் திரும்பப் போங்கோ. இந்தமுறை கேக்காதேங்கோ, சாப்பிடேக்கை கூட இருந்து பாருங்கோ."

உங்கள் படிவத்தை எடுத்துத் தந்தார். இரண்டு "ஓம்"களையும் வெட்டி "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். "ஏனம்மா மச்சாளுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கேல்லை?"

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினா. "உங்களைச் சுமக்கேக்கை எனக்கு ஆர் எடுத்து வைச்சவை?" சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அவள் ஒருநாளும் கேக்கேல்லைப் பிள்ளை" என்றா. அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டா.

அவவோடு கோபித்துக்கொண்டும் இருக்க முடியவில்லை, கோபிக்காமலும் இருக்க முடியவில்லை. நீங்கள் ஏன் கேட்கவில்லை மச்சாள்? நான் உங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

இப்போது உங்கடை மகளுக்குப் போட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு. அண்ணை காத்திருக்கிறார். அம்மாவும் காத்திருக்கிறா.

நாளைக்குத் திரும்பத் தொடங்குகிறோம். எனக்குத் தந்த முதல் வீட்டில் ஏழு மாதக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளின் பெயர் கூட எனக்கு இன்னும் தெரியாது. அவளின் மாமியார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அவள் உட்கார்ந்திருந்து சாப்பிட்டு முடிக்குமட்டும் அந்தக் குசினியை விட்டு நான் எழும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற சத்தியம்.

உங்கடை பிள்ளையை வளர்க்கிற மாமி,
கமலா