பாண்டி அண்ணன் இருக்கும் படங்கள்

ஐப்பசி 12, செவ்வாய். சின்னக்கானல்.

நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டின் இன்ஸ்டாகிராம் பதிவுகளை ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையே வரிசையில் போட்டுவிடுவேன். நேரம் வந்ததும் ஏஐ ஏஜென்ட் அதுவாகவே வெளியிடும். இன்று விடியற்காலையில் ஜீப் ஓட்டும் பாண்டி அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துபோனார். ஏழு மணிக்கு, "பாண்டி அண்ணனோடு சூரிய உதயம் பார்க்க வாங்க!" என்று அவர் சிரிக்கும் படம் வெளியாகிவிட்டது. பதறிப்போய், அவர் இருக்கிற எல்லாப் படத்தையும் எல்லா இடத்திலிருந்தும் நீக்கச் சொன்னேன். நிரந்தரமாகவா என்று ஏஜென்ட் கேட்டது. ஆமாம் என்று நான்தான் அழுத்தினேன். என் போனில் இருந்த அசல் படங்களை இடமில்லையென்று போன மாதமே அழித்திருந்தேன்.

சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன், திட்டு வாங்கத் தயாராகத்தான். அவர் மனைவி மாரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில போட்டியாமே, அந்தப் போட்டோவக் குடு தாயி. அந்த மனுசன் சிரிச்ச படம் வீட்டுல ஒண்ணுகூட இல்ல. அதத்தான் பெருசாக்கி மாலை போடணும்."

"நாளைக்குக் கொண்டு வாரேன்க்கா."

வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். மீட்க முடியுமா என்று ஏஜென்டிடம் மூன்று முறை கேட்டாயிற்று. முடியாதாம். வியாழக்கிழமைக்கு வரிசையில் இருந்ததும் அவர் படம்தான், அது நீங்கியதால் அந்த ஏழு மணி இடம் காலியாக இருக்கிறதாம், அவருக்குப் பதிலாக யார் படத்தைப் போடலாம் என்று கேட்கிறது.