மூன்று தொழில் சொன்னதால் பொய்யர் என்று எழுதி, பட்டைச் சீட்டு மறுத்தது பற்றி

அனுப்புநர்:
செபாஸ்தியம்மாள், க/பெ ஞானராஜ்,
ஆவாரங்கரடு, சிறுமலை அடிவாரம்,
திண்டுக்கல் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு வன அதிகாரி அவர்கள்,
மதுரை ஜில்லா.

பொருள்: ஆவாரம்பட்டை உரிக்க அனுமதிச் சீட்டு வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சீட்டு விண்ணப்பத்தை, ‘தொழில் பற்றிப் பொய் கூறியவர்’ என்று எழுதித் தங்கள் ஆபீஸ் குமாஸ்தா திருப்பிவிட்டார். ஏழை என்று எழுதியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். பொய்யர் என்று எழுதியதால் இம்மனு.

2. மாசியில் அவர் புளியமரப் பதிவுக்கு வந்து தொழில் கேட்டபோது, என் கணவர் புளி உலுக்குவது என்றார். ஆடியில் வீடுகளைக் கணக்கெடுக்க வந்தபோது, சோளம் விதைத்துக்கொண்டிருந்த நான் விவசாயம் என்றேன். இப்போது விண்ணப்பத்தில் பட்டை உரிப்பது என்று எழுதினோம். அவர் மூன்று தாளையும் மேசையில் பரப்பி, எது நிஜம் என்று கேட்டார். மூன்றும் நிஜம் என்றேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொழில்தான் என்று முடித்துவிட்டார். தொழில் கேட்டால் அந்த மாதத்து வேலையைச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். அவர் கேட்டது ஆயுசுக்கும் உள்ள தொழிலை என்று எங்களுக்குத் தோன்றாமல் போனது எங்கள் தவறே.

3. இவை தவிர சித்திரையில் தேன், தையில் விளக்குமாற்றுப் புல், நடுநடுவே மலையிலிருந்து வாழைத்தார் சுமை, வருஷம் முழுக்க ஆடுகள். மழை பொய்த்த வருஷம் நிலம் கைவிட்டது, புளி காப்பாற்றியது. ஊரில் கஞ்சித்தொட்டி திறந்தபோது எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் பாத்திரம் ஏந்தி நிற்கவில்லை. இதைச் சொல்ல எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

4. திண்டுக்கல் தோல் கிடங்கு அப்துல் சுக்கூர் ராவுத்தர், தோல் பதனிடப் பட்டை வாங்கும்போது மற்றவர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார், எங்கள் கட்டைப் பிரிப்பதில்லை. தூரை விட்டுக் கிளையை மட்டும் வெட்டுவதால் செடியும் மறுவருஷம் தழைக்கிறது.

5. இவ்வருஷம் சோளத்தைப் பூச்சி தின்றுவிட்டது. தை வரை அடுப்பெரியப் பட்டை ஒன்றே வழி. ஐப்பசி மழை ஈரத்தில்தான் அது லேசாகக் கழலும், காய்ந்தால் கத்திக்கு வராது. ஆகவே தாங்கள் விசாரித்து, அந்தச் சொல்லை அடித்து, சீட்டை உடனே வழங்க வேண்டுகிறேன். எந்த மாதம் விசாரிக்க வந்தாலும் எங்களில் ஒருவரும் சும்மா இருக்கமாட்டோம்.

இடம்: ஆவாரங்கரடு
நாள்: 22–10–1958

இப்படிக்கு, என் கைப்பட எழுதிய
செபாஸ்தியம்மாள்

தொழில்: இன்றைய தேதியில், தங்கள் உத்தரவுக்குக் காத்திருப்பது.