பாலுக்கு ஓடிய ஜெபம்

எனக்கு முன்னே பிறந்து, எனக்கு முன்னே போய்ச் சேர்ந்து, அங்கேயும் எனக்கு ஒரு சீட் பிடித்து வைத்திருப்பாய் என்று நான் நம்பிக்கொண்டிருக்கும் என் எஸ்தர் அக்காவுக்கு,

குன்னூரில் இந்த வாரம் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் நேராக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கேத்தியிலிருந்து வரும் கேரட்காரர் "பெரியக்கா எங்கீங்க?" என்று கேட்பதை இப்போதுதான் நிறுத்தியிருக்கிறார். உன் நாற்காலி அதே ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. துவைத்த துணியையெல்லாம் அதன்மேல்தான் குவித்து வைக்கிறேன். மடிப்பதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயரிடம் சொல்லலாம் என்றால், அவர் அடுத்த ஞாயிறே அதைப் பிரசங்கத்தில் சேர்த்துவிடுவார். நீயாவது சிரித்துவிட்டு விட்டுவிடுவாய்.

நீ போன பிறகு நம் சபைப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். எஸ்தர் அக்காவைப் போல ஆண்டவர் முன்னால் அமைதியாக இருக்க எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். யாரிடம் போய்க் கேட்கிறார்கள் பார்த்தாயா? அமைதி என்றால் நீ, வாய் என்றால் நான் என்பது சபைக்கே தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆகும்வரை பள்ளியில் தமிழ் நடத்திய தொண்டை இது. ஆனாலும் முடியாது என்று நான் சொல்லவில்லை. உன் பெயர் என்மேல் வந்து விழுந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அதிலிருந்து தினமும் விடிவதற்கு முன்னால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போடுகிறேன். 'அதிகாலை அமைதி' என்று அதற்குப் பெயரும் வைத்தேன். கண்களை மூடுங்கள், ஓடுகிற மனதைப் பிடித்து நிறுத்துங்கள், தேவ சமுகத்தில் அமர்ந்திருங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். "இப்போது சற்று நேரம் மௌனமாக இருப்போம்" என்று சொல்லி ஒரு மூச்சு விட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுவேன். என் மௌனத்தின் நீளம் அவ்வளவுதான். பிறகு காபியோடு உட்கார்ந்து என் குரலையே திரும்பக் கேட்பேன். யார் யார் பதிலுக்குக் கும்பிடும் கைப் படத்தைப் போட்டிருக்கிறார்கள், யார் இன்னும் கேட்கவே இல்லை என்று பார்ப்பேன். ஊருக்கு அமைதி சொல்லிக்கொடுக்கிறவள் செய்கிற வேலையா இது, அக்கா?

நீ ஜெபித்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் முழங்கால் போட்டு 'தேவரீர்', 'உம்முடைய சந்நிதானம்' என்று அடுக்கிக்கொண்டிருப்பேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து, சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரே ஒரு வரி சொல்வாய். "ஆண்டவரே, வந்துட்டேனுங்க." அதற்குப் பிறகு மலை ரயில் ஊதும்வரைக்கும் உன்னிடமிருந்து ஒரு சத்தமும் வராது.

ஆண்டவரை நீர் என்றுதான் சொல்ல வேண்டும், 'ங்க' போட்டுப் பேச அவர் என்ன மளிகைக்கடைக்காரரா என்று உன்னைத் திருத்தப் பார்த்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த மரியாதை உனக்கு, எனக்குத் தெரிந்த மரியாதை எனக்கு என்றாய். சரி, அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கிண்டலாகக் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"'வாங்க'ன்னாரு. ஊட்டுக்கு வந்தவங்கள வேற என்னடி சொல்லுவாங்க?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் வழக்கம்போலப் பேசி, "சற்று நேரம் மௌனமாக இருப்போம்" என்று சொன்ன அதே நேரத்தில் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. போனை முன்னறை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, மிச்சப் பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றினேன். போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டார் மறுபடியும் நம் கேட்டுக்கு எதிரே காரை நிறுத்தியிருக்கிறார்களா என்று சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் போன் இன்னும் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து பேச அலுப்பு. முடிவு ஜெபத்தைச் சொல்லி, ஆமென் போட்டு, அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது செல்வராணி பின்னாலேயே வந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருவாளே, அவள்தான். நீ போன பிறகு அவளுடைய ஒரே மகன் மேட்டுப்பாளையம் ரோட்டில் பைக் விபத்தில் இறந்துபோனான். சாவு வீட்டில் நான்தான் நீளமாக ஜெபித்தேன். எல்லாரும் நல்ல ஜெபம் என்றார்கள்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலைல அத்தன நேரம் ஒண்ணும் பேசாம எங்ககூட இருந்தீங்களே, அக்கா. பையன் போனதுல இருந்து ஆளாளுக்கு வந்து ஜெபிச்சுட்டுத்தான் போனாங்க. எங்கிட்டப் பேசாம ஒருத்தரும் இருந்ததில்லீங்க. அன்னிக்குத்தான் நான் அழுதேன்."

எங்கேயோ பாத்திரம் உருட்டும் சத்தம்கூடக் கேட்டதாம். தன் வீட்டுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டாளாம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பாலுக்கு ஓடினேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தலையைத் தாழ்த்தி "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை. அவள் இன்னொன்றும் கேட்டாள். சனிக்கிழமை லீவு, ஒரு தடவை நேரில் வந்து என்னோடு அப்படி உட்கார்ந்திருக்கலாமா, ஜெபம்கூட வேண்டாம் என்றாள். வா என்று சொல்லிவிட்டேன்.

நேற்று வந்தாள். உன் நாற்காலியில் கிடந்த துணியையெல்லாம் உள் அறையில் எறிந்துவிட்டு அவளை அதில் உட்காரவைத்தேன். எதிரே நான். அவள் கண்ணை மூடினாள், நானும் மூடினேன்.

என்னால் முடியவில்லை, அக்கா. நாளைக்கு இதைக் குழுவில் எப்படிச் சொல்வது என்று மனது வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிட்டது. 'துயரத்தில் இருந்த ஒரு சகோதரி' என்று முதல் வரிகூடத் தயார். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு அனுப்பியது பொய் மௌனம், இன்றைக்கு உண்மையான மௌனத்தையே அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது. சால்வைக்கு அடியில் போனை எடுத்துப் பதிவு பட்டனை அமுக்கினேன். பிள்ளையை இழந்தவள் என் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது இதைச் செய்தேன். எழுதவே கை கூசுகிறது.

யாரோ குழுவில் செய்தி போட்டார்கள் போல. போன் 'டிங்' என்றது. அவள் கண்ணைத் திறந்தாள். சால்வை விலகியிருந்தது.

"ரெக்கார்டு ஆவுதுங்களா, அக்கா?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள். நான் போனை அணைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பால் பொங்கியதைச் சொன்னேன், கார்க்காரரைத் திட்டியதைச் சொன்னேன், அவளோடு அன்றைக்கு நான் இருக்கவே இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அழக் கிடைத்த ஒரே காலையையும் நான் கெடுத்துவிட்டேனோ என்ற பயம்தான் எனக்கு.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, பால் எல்லாமே போய்விட்டதா என்று கேட்டாள். பாதி போனது என்றேன். சரிங்க என்றாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மன்னித்தாளா? வேறு போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்தாளா? எனக்குத் தெரியவில்லை.

நானும் கண்ணை மூடினேன். ஜெபிக்க வாயெடுத்தால் 'தேவரீர்' வரவில்லை, 'சந்நிதானம்' வரவில்லை. கட்டி வைத்த வாக்கியம் ஒன்றுகூட மிச்சமில்லை. வெட்கம் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் நான் கிண்டல் செய்த உன் வரி, என் வாயிலிருந்து மெதுவாக வந்தது.

"வந்துட்டேனுங்க."

எதிரே உன் நாற்காலியில் இருந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. வாசலில் யாராவது குரல் கொடுத்தால் இந்த ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

"வாங்கக்கா."

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ரயில் ஊதியதும் அவள் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நாளைக் காலை குழுவில் கடைசியாக ஒரு பதிவு போடுவேன். பால் கதையை ஒன்றுவிடாமல் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அதோடு 'அதிகாலை அமைதி' முடிந்தது. சனிக்கிழமை போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, அவள் வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். உன் நாற்காலியில் இனித் துணி இருக்காது. இது சத்தியம், அக்கா.

"சும்மா இருடி" என்று நீ சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன,
உன் வாயாடித் தங்கை
ரூத்