ஒரு சாண் தள்ளி

மே 9, செவ்வாய்
கத்திரி வெயில். திருத்தங்கல் ரோட்டில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை.

எம். புதுப்பட்டி பட்டாசு கம்பெனி ஆர்டர். காலண்டருக்கு மணிமருந்து படம். பேன்சி வெடிக்குள் போகிற வெடிமருந்து உருண்டை, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரே உருண்டை தாள் முழுக்க வர வேண்டுமாம். ஜவ்வரிசிக்குச் சாயம் ஏற்றி எடுத்துத் தருகிறேன் என்றேன். முதலாளி சிரித்தார். அந்த மினுமினுப்பு வராதாம். வெளியே கொண்டுவரவும் முடியாது. காயவைக்கும் மேடையிலேயே எடுக்க வேண்டும்.

மனைவி செல்வி அங்கேதான் வேலை பார்க்கிறாள். சொன்னேன். குழம்பைக் கிளறிக்கொண்டே சரி என்றாள்.

மே 10, புதன்
கையில் இருப்பது 50 எம்.எம். லென்ஸ், கிட்டத்தில் எடுக்க நடுவில் செருகும் ட்யூப். ஜவ்வரிசியை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் தூரத்துக்குப் போனால்தான் தெளிவு. என் நிழலே விழுந்து இருட்டு.
ஃப்ளாஷ்: நினைக்கவே கூடாது.
100 மேக்ரோ, சின்னதைப் பெரிதாக்கும் லென்ஸ்: தேவலை.
180 மேக்ரோ: ஒரு சாண் தள்ளி நிற்கலாம். மதுரையில் வாடகைக்கு உண்டு.
ஒரு சாண் தள்ளி நின்றால் பிழைத்துவிடுவேனா என்ன? இருந்தாலும் 180தான்.

மே 11, வியாழன்
மதுரை போய் லென்ஸ் வாங்கி வந்தாயிற்று. கேமரா ஆட்டோ மோடில் இருந்தால் ஃப்ளாஷ் தானாக எழும்பும். கறுப்பு டேப் ஒட்டினேன். அதன்மேல் இன்னொரு சுற்று. செல்விக்குச் சிரிப்பு.

மே 12, வெள்ளி
கேட்டில் ஃபோர்மேன் முருகேசன் சோதனை. செல்போன், வாட்ச், பெல்ட் வெளியே. பாலியஸ்டர் சட்டையும். மாட்டிக்கொண்டது காவல்காரரின் பருத்திச் சட்டை, ஒரே வேர்வை நாற்றம். கேமரா ஸ்டாண்டையும் விடவில்லை, கால்நுனி இரும்பு.
"இரும்பு உரசுனா நம்ம கதை முடிஞ்சது அண்ணாச்சி."
கேமராவிலும் பேட்டரி இருக்கிறதே என்றேன். முதலாளி சொல்லிவிட்டார் என்றார்.

வெறுங்கால். வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே. உடம்பு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடுமாம். இரண்டு தடவை தொட்டேன். துணிப்பையில் மணல் நிரப்பி, அதன்மேல் கேமரா. வெளிச்சம் திருப்ப ஜிகினாத் தாள் வேண்டாம், வெயிலைக் குவித்துவிடும். வெள்ளை அட்டை போதும். பிடிப்பதற்கு முருகேசன் கூப்பிட்டது செல்வியை. பழகின கையாம்.

எனக்கு ஒரு சாண். அவள் விரலோ உருண்டையை ஒட்டியே இருந்தது. அட்டை ஆடுகிறது என்றேன்.
"உங்க கைதான் ஆடுது. மூச்சப் பிடிச்சுக்கிட்டு எடுங்க."
எடுத்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் அழுதுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மே 13, சனி
காலையில் முதலாளி போன். படம் பிரமாதமாம். இன்னும் நாலு வகை எடுக்கணுமாம். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் செல்வி வாசலில், தூக்குவாளியோடு. கம்பெனி வேன் நிற்கிறது. இன்றைக்கு ஒருநாள் போகாதே என்றேன்.
"நீங்க பயந்ததுக்கு நான் லீவு போடவா? சீசன்ல நின்னா திரும்பச் சேக்க மாட்டாக."
ஏறிவிட்டாள்.

மதியம். ஸ்டூடியோ திறக்கவில்லை. இந்தப் புழுக்கத்திலும் ஃபேனை நிறுத்தி வைத்திருக்கிறேன். சத்தம் வந்தால் கேட்க வேண்டுமே.