எனக்காக நின்ற பதினெட்டு மெஷின்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம். நடுவில் மூன்று நாள் காய்ச்சல் வந்து போய்விட்டது, பயப்படாதே.

திரும்ப வேலைக்குப் போனபோது சூப்பர்வைசர், "உன் இடத்துக்கு வேற ஆள் பாத்தாச்சு, கிளம்பு" என்றார். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. "சரி சார்" என்று பையை எடுத்தேன். அப்போது காலர் தைக்கும் அக்கா தன் மெஷினை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரும் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வரிசையில் மற்ற பதினெட்டு மெஷினும் நின்றுவிட்டன.

"என்ன, கரண்ட் போச்சா?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

"ஆமா சார். அவ வந்து உக்காந்தா வந்துரும்" என்றார் அக்கா.

அரை மணி நேரத்தில் என் ஸ்டூல் எனக்குக் கிடைத்துவிட்டது.

இந்த அக்கா முன்பே என்னைத் தொழிலாளர் சங்கத்துக்குக் கூப்பிட்டவர். "எனக்கு இன்னும் ஓட்டுப் போடற வயசே வரலையே" என்று சொல்லித் தப்பித்திருந்தேன். அதைச் சொல்லி அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். "ஓட்டு அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள்டி. மத்த நாளுக்கெல்லாம்தான் சங்கம்" என்றார் அக்கா. இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். அந்தப் பதினெட்டுப் பேருக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்?

போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

நேற்று பேக்கிங்கில் ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவளோடு நான் பேசியதுகூட இல்லை. இன்றைக்கு முதலில் மெஷினை நிறுத்துவது யார் என்று அக்கா கேட்டபோது கையைத் தூக்கிவிட்டேன். மணி அடிக்கிறது, போகிறேன் அம்மா.

உன் மகள்